கண்ணாடிக்குள் ஒரு பீச்சாங்குழல்

முன்னொரு காலத்தில் என்று சொல்லுகிற அளவுக்குப் பழைய கதை இல்லை. கொஞ்ச நாளைக்கு முன்னால், கோவில்பட்டியில் கடலை மிட்டாய் போடுகிற ஒரு வீட்டில், ஒரு ஷோகேஸ் இருந்தது.

தேக்கு மரம், கண்ணாடிக் கதவு, பித்தளைப் பூட்டு. நகையும் பத்திரமும் இருக்கிற பீரோவில் சாவி பாட்டுக்குத் தொங்கிக்கொண்டு கிடக்கும். ஷோகேஸ் சாவி மட்டும் வீட்டுக்கார அம்மா சண்பகவல்லியின் இடுப்பை விட்டு இறங்காது. அந்த வீட்டு நியாயம் அப்படி.

உள்ளே யாரெல்லாம் குடியிருந்தார்கள் என்றால், மேல்தட்டில் தங்க விளிம்பு போட்ட ஒரு டீ செட். சண்பகவல்லி கல்யாணத்துக்கு யாரோ கொடுத்தது. பிறந்ததிலிருந்து ஒரு சொட்டு டீயைக் கண்ணால் கண்டதில்லை. நடுத்தட்டில் தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மை. யார் எதைச் சொன்னாலும் ஆமாம் என்று தலையை ஆட்டிவிடும். அதற்குப் பக்கத்தில் துபாய் சென்ட் பாட்டில். யார் மேலும் ஒரு தடவைகூட அடிக்காமலேயே அது பாதியாகிவிட்டது. ஏன் இப்படி இளைத்துப் போனாய் என்று கேட்டால், சும்மா மூச்சு விட்டேன், அவ்வளவுதான் என்று சொல்லும்.

இந்தக் கூட்டத்துக்குள் ஒருநாள் புதிதாக ஒன்று வந்து சேர்ந்தது. வெள்ளை வெளேரென்று இருந்தது, கழுத்து நீளம், மூக்கு மெல்லிசு. அட்டைப்பெட்டியில் அதன் பேர் வாட்டர் ஃப்ளாசர் என்று போட்டிருந்தது. அந்தப் பேர் வீட்டில் யார் வாயிலும் நுழையவில்லை. வீட்டுக்காரர் கோமதிநாயகம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பீச்சாங்குழல் என்று சொன்னால் முடிந்து போச்சு என்றார். அவர் சொன்னதே நிலைத்துவிட்டது.

அதன் வயிற்றில் தண்ணீரை ஊற்றிப் பொத்தானை அமுக்கினால், மூக்கு வழியாக ஊசி மாதிரி பீய்ச்சும். பல்லிடுக்கில் இருப்பதை எல்லாம் கழுவிவிடும். அதற்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான். அந்த ஒன்றைச் செய்கிற ஆசையை வைத்துக்கொண்டுதான் பாவம், ஜெர்மனியிலிருந்து துணிமணிகளுக்கு நடுவே கசங்கி வந்தது.

வேலை செய்ய வந்தது எப்படிப் பூட்டுக்குள் போனது? அதைச் சொல்லாமல் கதை நகராது.

சண்பகவல்லியின் ஒரே மகன் கதிரேசன் ஜெர்மனியில் வேலை பார்க்கிறான். கல்யாணமான கையோடு பெண்டாட்டி சுபாஷினியையும் கூட்டிக்கொண்டு போய்விட்டான். முதல் லீவுக்கு இரண்டு பேரும் வந்தபோது, பெட்டி திறப்பதைப் பார்க்க அக்கம்பக்கம் பூராவும் கூடத்தில் வந்து உட்கார்ந்துவிட்டது. கோவில்பட்டி வெயிலுக்குப் போட்டுக்கொள்ள மாமனாருக்கு ஒரு ஸ்வெட்டர் வந்திருந்தது. பக்கத்து வீட்டுச் சீனியம்மாளுக்குச் சாக்லேட். கடைசியில் சுபாஷினி இந்தப் பெட்டியை எடுத்து, இரண்டு கையாலும் மாமியாரிடம் நீட்டினாள்.

"அத்தை, இது உங்களுக்குன்னே வாங்கினது. பல்லுக்கு. பிரஷ் போகாத எடத்துக்கெல்லாம் இது போகும்."

சீனியம்மாள் சாக்லேட்டை மென்றுகொண்டே சிரித்தாள். எங்களுக்கெல்லாம் தின்னக் குடுத்துட்டு மாமியாவுக்குப் பல்லு விளக்குற மிஷினா என்று கேட்டாள். அவளுக்குக் கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது, வாய் சும்மா இருக்காது, அவ்வளவுதான். கூடம் முழுக்கச் சிரித்தது. சண்பகவல்லியும் சிரித்தாள். ஆனால் சேலைத் தலைப்பை எடுத்து வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். நாலு பேர் முன்னால் என் வாய் நாறுகிறது என்று சொல்லிவிட்டாளே என்று ஒன்று அவளுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

மருமகள் மனசில் அப்படி ஒன்றும் இல்லை. அதை மாமியார் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். கேட்கவில்லை.

தூக்கி எறிய மனசு வரவில்லை, வெளிநாட்டுச் சாமான். எடுத்துப் பழகவும் மனசு வரவில்லை. ரெண்டுங்கெட்டான் சாமானுக்கென்றே அந்த வீட்டில் ஓர் இடம் இருக்கிறதே. மேலே ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளைக்கூட உரிக்காமல் பீச்சாங்குழலை நடுத்தட்டில் நிறுத்தினாள். சார்ஜர் அட்டைப்பெட்டியோடு பீரோவுக்கு மேலே ஏறியது. பூட்டு விழுந்தது.

டீ செட்டுக்கு ஒரே சந்தோஷம். புதுசாக ஒருத்தர் வந்தால் அதுதான் வரவேற்புரை வாசிக்கும்.

"இதைவிடப் பெரிய இடம் இந்த வீட்டில் கிடையாது தம்பி. இங்கே வந்தவங்களுக்கு வேலை கிடையாது. மரியாதை மட்டும்தான்."

தலையாட்டி பொம்மை ஆமாம் என்று ஆட்டியது.

"பல்லைக் கழுவத்தானே என்னை வாங்கினாங்க?" என்று கேட்டது பீச்சாங்குழல்.

"என்னையும்தான் டீ குடிக்க வாங்கினாங்க" என்றது டீ செட். "போகப் போகப் பழகிடும்."

பழகவில்லை. அதற்குக் காரணம் எதிர்ச் சுவரில் இருந்தது. அந்த வீட்டில் வாஷ்பேசின் கூடத்திலேயே, ஷோகேஸுக்கு நேர் எதிரே. பேசினுக்கு மேலே ஒரு கண்ணாடி, கண்ணாடிக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் டம்ளர், டம்ளரில் சண்பகவல்லியின் பிரஷ். காலையில் அவள் பல் விளக்குவதை, கல்யாண வீட்டுப் பந்தியை வாசலில் நின்று பார்க்கிற மாதிரி பீச்சாங்குழல் பார்த்துக்கொண்டே நின்றது.

இங்கே சண்பகவல்லியின் பல்லைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மற்றவர்களுக்குப் பல் தின்பதற்கு. அவளுக்கு அது தொழில். வீட்டுக்குப் பின்னால் கொட்டகையில்தான் மிட்டாய் போடுவார்கள். வெல்லப்பாகு காய்ச்சி, வறுத்த கடலையைக் கொட்டிக் கிளறி, பலகையில் ஊற்றி உருளையால் தேய்த்ததும், முதல் ஓரத்துண்டை உடைத்து அவள் கையில் கொடுப்பார் கோமதிநாயகம். அதை முன்பல்லில் வைத்து ஒரே கடி. நறுக்கென்று சத்தம் வந்தால் பாகு பதம். சத்தம் மழுங்கினால் அந்தப் பலகை கடைக்குப் போகாது. கல்யாணமாகி வந்த புதிதில் மாமியார் விளையாட்டுக்குக் கொடுத்த வேலை, அப்படியே அவளிடம் தங்கிவிட்டது. ஊரில் அந்த வீட்டு மிட்டாய்க்குத் தனிப் பேர் உண்டு. அந்தப் பேர் அவளுடைய முன்பல்லில்தான் இருந்தது.

"அண்ணே, உள்ளே எப்படி இருக்கு?" என்று ஒருநாள் பீச்சாங்குழல் கண்ணாடிக்குள்ளிருந்தே பிரஷ்ஷைக் கேட்டது.

வெளியே தெரிகிற இடமெல்லாம் பளிச்சென்றுதான் இருக்கிறது என்றது பிரஷ். கீழ்வரிசை முன்பல்லுக்குப் பின்பக்கம், பல்லுக்கும் பல்லுக்கும் நடுவில்தான் சங்கடம். "பால் ஆறினா மேல ஆடை படியுமில்ல, அந்த மாதிரி ஒண்ணு படியுது. என் முடி அங்கே நுழைய மாட்டேங்குது."

"ஆடைதானே? நான் ஒரு தடவை பீய்ச்சினாப் போயிரும்."

"அப்ப வாயேன்" என்றது பிரஷ்.

எங்கே வருவது? சாவி இடுப்பில் இருந்தது.

சுபாஷினி ஊருக்குப் போன பிறகு வாராவாரம் போன் பேசினாள். முதல் தடவை, அத்தை, அந்த மிஷினைப் போட்டுப் பார்த்தீங்களா என்று கேட்டாள். பார்க்கலாம்மா என்றாள் சண்பகவல்லி. இரண்டாம் தடவையும் கேட்டாள். இவளுக்குச் சுருக்கென்றது. இதற்கு மேல் கேட்கக்கூடாது என்று மருமகளுக்கும் புரிந்துவிட்டது, கேட்பதை விட்டாள். அப்புறம் பேச்சு சுருங்கிக்கொண்டே போனது. சாப்பிட்டீங்களா, சாப்பிட்டோம். மழையா, மழையில்லை. பிறகு அதுவும் போய், போன் மணி அடித்தாலே சண்பகவல்லி கொட்டகைக்குப் போய்விடுவாள். கோமதிநாயகம்தான் போனை வைத்துக்கொண்டு, உங்க அத்தை வேலையா இருக்காம்மா என்று பொய் சொல்லித் திணறுவார். நல்ல மனுஷன், பொய் சொல்லத் தெரியாது. சொல்லி முடிப்பதற்குள் வேர்த்துவிடும்.

சண்டையா என்றால் சண்டையில்லை. சண்டை போட்டிருந்தால்கூட அன்றைக்கே தீர்ந்திருக்கும். ஒருத்தி மேல் ஒருத்திக்கு ஆசைதான். ஒரு வார்த்தையை வாய்விட்டுச் சொல்லாததுதான் குறை.

டம்ளரில் பழைய பிரஷ் போய்ப் புது பிரஷ் வந்தது. அதுவும் தேய்ந்து அடுத்தது வந்தது. வருகிற ஒவ்வொன்றையும் பீச்சாங்குழல் விசாரித்தது. ஆடை தடித்துவிட்டது என்றது ஒன்று. மஞ்சள் தட்டுகிறது என்றது அடுத்தது. அதற்கும் அடுத்து வந்தது ஒரு நீலப் பிரஷ்.

"இனிமே ஆடைன்னு சொல்லாதே" என்றது அது. "காரை கட்டிருச்சு. தேய்ச்சா எனக்குத்தான் முடி வளையுது."

அந்தக் காலையில் சண்பகவல்லி துப்பியபோது பேசின் சிவந்தது. அவள் சட்டென்று குழாயைத் திறந்துவிட்டு, கொட்டகைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். கணவர் கண்ணில் படவில்லை. வாயைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள். பீச்சாங்குழல் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றது. பார்ப்பதைத் தவிர அதற்கு வேறு வழி என்ன இருந்தது?

கொஞ்ச நாளில் அந்தக் கீழ்ப்பல் ஆட ஆரம்பித்தது. அவள் ஓரத்துண்டைக் கடைவாய்க்குத் தள்ளினாள். கடைவாய்க்கு அந்தச் சத்தம் தெரியாது. பிறகு கடிக்கிற மாதிரி பாவனை செய்துவிட்டுத் துண்டை முந்தானையில் முடிந்துகொண்டாள். கையால் உடைத்துப் பார்த்து, நிறத்தைப் பார்த்து, சரி அனுப்புங்க என்றாள்.

அப்படி அனுப்பியதில் ஒரு பலகை பதம் தப்பிவிட்டது. பஸ் ஸ்டாண்ட் கடைக்காரர் மிட்டாயைத் திருப்பி அனுப்பினார். தாளோடு ஒட்டிக்கொண்டு பிரியவே இல்லை. அந்த வீட்டுக்கு இப்படி ஒன்று நடந்ததே கிடையாது. கோமதிநாயகம் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"ஏன் சண்பகம், கடிச்சுப் பாக்கலியா?"

"பல்லு கூசுதுங்க."

அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. சரி, வயசாகுதுல்ல என்று சொல்லிவிட்டுப் போனார். ஆறுதலுக்குத்தான் சொன்னார். ஆனால் அவள் நேரே வாஷ்பேசினுக்கு வந்து, கண்ணாடியில் உதட்டை இழுத்துப் பார்த்தாள். விரலால் அந்தப் பல்லைத் தொட்டாள். அது முன்னும் பின்னும் போனது. கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. இந்தப் பல் போனால் பலகைக்கு முன்னால் தனக்கு என்ன இடம் என்று நினைத்து அழுதாள். யாரிடம் சொல்வது? பல்லைப் பற்றி அக்கறையாகப் பேச வந்தவள் ஒருத்திதான். அவளைத்தான் பேசவிடாமல் பண்ணியாகிவிட்டது.

பீச்சாங்குழலுக்குத் தாங்கவில்லை.

"நான் இறங்கப் போறேன்" என்றது.

"உனக்கென்ன பைத்தியமா?" என்று அதட்டியது டீ செட். "கீழே போனா அழுக்கு, தண்ணி, கீறல். இங்கே இருந்தா என்னைக்கும் புதுசு."

"புதுசா இருந்து என்ன பண்ண?"

டீ செட் தன் தங்க விளிம்பைப் பார்த்துக்கொண்டது. பொம்மை மட்டும் பழக்கத்தில் தலையை ஆட்டியது.

சரியாக அந்த நேரம் பார்த்துக் கடலை மூட்டை ஏற்றிய லாரி வாசலில் வந்து நின்றது. லாரி வந்தால் ஷோகேஸ் அதிரும். மற்ற நாளெல்லாம் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். அன்றைக்குப் பீச்சாங்குழல் தன் பிடியை விட்டுவிட்டது. தடாலென்று முன்னால் சாய்ந்து, கண்ணாடிக் கதவில் மூக்கு இடிபட, போகிற போக்கில் பொம்மையையும் தள்ளிவிட்டது. பொம்மை தன் ஆயுளில் முதல் தடவையாக இல்லை என்று பக்கவாட்டில் ஆட்டியது.

சண்பகவல்லி கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து பூட்டைத் திறந்தாள். பொம்மையை நிமிர்த்தினாள். பீச்சாங்குழலையும் நிமிர்த்தப் போனவள், கையில் எடுத்தபடி அப்படியே நின்றாள். பிரஷ் போகாத எடத்துக்கெல்லாம் இது போகும். அந்தக் குரலில் கேலி இருந்ததா என்று இப்போதுதான் நிதானமாக நினைத்துப் பார்த்தாள். எவ்வளவு தேடியும் கேலி கிடைக்கவில்லை. கேலி செய்தது சீனியம்மாள், சாக்லேட்டை மென்றுகொண்டு. இவள் இரண்டு கையாலும் அல்லவா கொடுத்தாள்?

ஸ்டூல் போட்டு ஏறி, பீரோ மேலிருந்து சார்ஜரை இறக்கினாள். மிக்ஸிக்குப் பக்கத்தில் சார்ஜ் போட்டாள். மத்தியானம் கோமதிநாயகம் கொட்டகையில் இருந்தபோது, பிளாஸ்டிக் தாளை உரித்தாள். சர்ரென்று அது உரிந்த சத்தத்தில் பீச்சாங்குழலுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

முதல் அனுபவம் கொஞ்சம் கோமாளித்தனமாகப் போய்விட்டது, மறைப்பதற்கில்லை. மூக்கை வாய்க்குள் வைத்தபிறகு பொத்தானை அமுக்க வேண்டும். அவள் தண்ணீரை ஊற்றிய கையோடு முதலில் பொத்தானை அமுக்கினாள். கண்ணாடி நனைந்தது, காலண்டரில் இருந்த முருகன் நனைந்தார், அவள் தலை நனைந்தது. இத்தனை நாள் அடக்கி வைத்திருந்த ஆசை, அதற்கும் நிதானம் தெரியவில்லை. அவள் அலறிக்கொண்டே அணைத்தாள். பிறகு பேசினுக்கு நேரே குனிந்து, மூக்கை உள்ளே வைத்து, மெதுவாக அமுக்கினாள்.

உள்ளே போய் அது முதலில் பார்த்தது அந்தப் பல்லை. ஓரமாக ஒடுங்கி, ஈறு வீங்கி, காய்ச்சல்காரப் பிள்ளை மாதிரி நின்றுகொண்டிருந்தது. அதன் காலடியைச் சுற்றி மஞ்சள் நிறத்தில் ஒரு கல். பீச்சாங்குழல் பலத்தையெல்லாம் கூட்டி அதன்மேல் பீய்ச்சியது. இடுக்கில் இருந்த கடலைத் தோல் போனது. புதிதாகப் படிந்திருந்த ஆடை போனது. கல் அசையவே இல்லை.

"இப்ப வந்து என்ன பிரயோஜனம்?" என்றது காரை.

குரலில் கோபம் இல்லை. அதுதான் பீச்சாங்குழலுக்கு அதிகமாக வலித்தது.

"நான் ஒண்ணும் கல்லா வரலை" என்றது காரை. "ஆடையாத்தான் வந்தேன். அன்னைக்கு நீ ஒரு வாய்த் தண்ணி பீய்ச்சியிருந்தா, நான் பாட்டுக்குப் போயிருப்பேன். யாரும் வரலை. இருந்த இடத்திலேயே இறுகிட்டேன்."

"நான் எதிரேதான் இருந்தேன்."

"தெரியும். அவங்க வாயைத் திறக்கிறப்பெல்லாம் எதிர்க் கண்ணாடியில உன்னைப் பாத்திருக்கேன்."

பீச்சாங்குழல் இன்னொரு தடவை பீய்ச்சியது. அழுகையோடு பீய்ச்சியது என்றே சொல்லலாம்.

"வீணா அடிச்சுக்காதே" என்றது காரை. "என்னைப் பேர்க்கிறது உன் வேலை இல்லை. அதுக்கு டாக்டர் வரணும், இரும்பு வரணும். ஆனா ஒண்ணு. நான் போன மறுநாளே என் தம்பி வருவான். அவனும் ஆடையாத்தான் வருவான். அவனைத் தூங்க விட்டுடாதே."

அந்த ஆடுகிற பல், நான் இருப்பேனா என்று கேட்டது. யாருக்கும் தெரியவில்லை.

வெளியே பேசின் முழுக்கச் சிவப்பு. சண்பகவல்லி இருந்ததையும் கெடுத்துக்கொண்டேனே என்று மிஷினைப் பேசின் ஓரத்தில் வைத்துவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். பீச்சாங்குழல் தலைகுனிந்து நின்றது. திரும்பப் பூட்டுக்குள் போக வேண்டியதுதான் என்று அதுவே முடிவு பண்ணிவிட்டது.

ஆனால் சண்பகவல்லி ஷோகேஸ் பக்கம் போகவில்லை. போனை எடுத்தாள். எடுத்து, வைத்து, மறுபடி எடுத்தாள். அந்தப் பக்கம் மணி அடித்து முடிவதற்குள் சுபாஷினி எடுத்துவிட்டாள்.

"மாமா, சொல்லுங்க மாமா."

"மாமா இல்லம்மா. நான்தான்."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"அந்த மிஷினைப் போட்டேன் சுபா. ரத்தமா வருது. பல்லு வேற ஆடுது. எனக்குப் பயமா இருக்கும்மா."

சுபாஷினி பதறவில்லை. பயப்படாதீங்க அத்தை என்றாள். ஈறு வீங்கியிருந்தால் முதலில் ரத்தம் வரும், காரை கட்டியிருக்கும், கட்டிப்போன காரை மிஷினுக்கு அசையாது, அதைப் பல் டாக்டர்தான் சுரண்டி எடுக்கணும், எடுத்த பிறகு திரும்பக் கட்டாமல் இருக்கத்தான் மிஷின், நாளைக்கே போங்க என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். சொல்லி முடித்ததும் அவள் குரல் இறங்கிவிட்டது.

"கல்யாணமாகி நம்ம வீட்ல இருந்த நாலு நாள்ல, நீங்க துப்பினதுல ரத்தம் பாத்தேன் அத்தை. எங்கம்மாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது, யாரும் கவனிக்கலை, எல்லாப் பல்லும் போச்சு. அதான் லீவுக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி, இதுக்குன்னே கடைக்குப் போய் உங்களுக்குன்னு வாங்கினேன். அத்தனை பேர் முன்னாடி குடுத்திருக்கக் கூடாது. தனியாச் சொல்ல பயமா இருந்துச்சு."

"எனக்கும் கேக்கப் பயமா இருந்துச்சு" என்றாள் சண்பகவல்லி.

அப்புறம் இரண்டு பேரும் அழுதார்கள். ஜெர்மனிக்கும் கோவில்பட்டிக்கும் நடுவில் எத்தனையோ கடல் இருக்கிறது. அன்றைக்குக் கொஞ்சம் கூடியிருக்கும். கொட்டகையிலிருந்து வந்த கோமதிநாயகம், நனைந்த முருகனையும் தரையில் உட்கார்ந்து போனோடு அழுகிற மனைவியையும் பார்த்துவிட்டு, எதையும் கேட்காமல் முருகனைத் துடைத்தார்.

மறுநாள் பல் டாக்டரிடம் போனார்கள். கிர்ரென்று மிஷின் வைத்துக் காரையைத் துண்டு துண்டாகப் பேர்த்தார் அந்த டாக்டரம்மா. இன்னும் கொஞ்சநாள் விட்டிருந்தால் பல்லை நான் காப்பாற்றியிருக்க முடியாது என்றார். ஈறு இறுகுகிறதா பார்ப்போம், அதுவரை முன்பல்லால் எதையும் கடிக்கக்கூடாது, காலையும் ராத்திரியும் பிரஷ், கூடவே அந்தத் தண்ணீர் மிஷின், தப்பாமல் வந்து காட்ட வேண்டும் என்றார். மிஷின் இருக்கிறது என்று பிரஷ்ஷை விட்டுவிடாதீர்கள் என்றும் சொன்னார். இதைக் கேட்டால் நீலப் பிரஷ்ஷுக்கு எவ்வளவு பெருமையாக இருந்திருக்கும்.

அதுவரை ஓரத்துண்டைக் கடிக்கிற பொறுப்பு கோமதிநாயகத்துக்கு வந்தது. அந்த மனுஷன் எதைக் கடித்தாலும் நல்லாத்தான் இருக்கு என்பார். அவருக்குப் பாகு கருகினாலும் நல்லாத்தான் இருக்கு. கடைசியில் அவர் கடிக்க, சண்பகவல்லி அவர் வாய்க்குப் பக்கத்தில் காதை வைத்துச் சத்தத்தைக் கேட்டாள். கொட்டகையில் வேலை செய்கிறவர்கள் சிரித்ததை இரண்டு பேரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பீச்சாங்குழல் இப்போது டம்ளருக்குப் பக்கத்தில் குடியிருந்தது. சாப்பாடு முடிந்ததும் அவள் வருவாள். பல்லிடுக்கில் காரையின் தம்பி சொன்னபடியே வந்திருப்பான், இளசாக, ஆடையாக. வா தம்பி, போகலாம் என்று இது கூட்டிக்கொண்டு போய்விடும். அவனும் முரண்டு பிடிக்கமாட்டான். இளசுக்கு முரண்டு ஏது? முடித்ததும் சண்பகவல்லி வாயைத் துடைத்துக்கொண்டு போனை எடுப்பாள். என்ன குழம்பு, யார் வந்தார்கள், யார் என்ன சொன்னார்கள் என்று ஒன்றுமில்லாத பேச்சுத்தான். அதில் ஏதாவது சுருக்கென்று தைத்தால், ஏன் சுபா அப்படிச் சொன்னே என்று அப்போதே கேட்டுவிடுவாள். கேட்டதும் அது போய்விடும்.

கோவில்பட்டித் தண்ணீர் உப்புத் தண்ணீர். கொஞ்ச நாளில் பீச்சாங்குழலின் மூக்கு நுனியில் வெள்ளையாகப் பூத்தது. மேல்தட்டிலிருந்து டீ செட் அதைக் கண்டுபிடித்துவிட்டது.

"பாத்தியா? உனக்கே காரை கட்டுது. இங்கேயே இருந்திருந்தா இப்படி ஆகியிருக்குமா?"

பீச்சாங்குழல் பதில் சொல்வதற்குள் சண்பகவல்லி ஒரு எலுமிச்சை மூடியோடு வந்தாள். குழந்தைக்கு மூக்குத் துடைத்துவிடுகிற மாதிரி அதன் நுனியைத் தேய்த்துக் கழுவித் துடைத்து வைத்தாள். டீ செட், யாரும் தன்னை அப்படித் தொட்டு எவ்வளவு நாளாயிற்று என்று யோசித்துக்கொண்டிருந்தது.

அடுத்த லீவுக்குக் கதிரேசனும் சுபாஷினியும் வந்தார்கள். வந்த மறுநாள் காலையில் கொட்டகையில் முதல் பலகை ஊற்றினார்கள். கோமதிநாயகம் ஓரத்துண்டை உடைத்துத் தன் வாய்க்குக் கொண்டுபோனார். சண்பகவல்லி அவர் கையைப் பிடித்துத் துண்டை வாங்கினாள். இனிமேல் கடிக்கலாம் என்று டாக்டரம்மா போன வாரம்தான் சொல்லியிருந்தார், யாரிடமும் அவள் சொல்லவில்லை. முன்பல்லில் வைத்தாள். சுபாஷினி கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

நறுக்கென்றது.

சண்பகவல்லி சிரித்தாள். சேலைத் தலைப்பு தோளில்தான் இருந்தது, அதை எடுக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. கடித்த துண்டில் மிச்சத்தை மருமகள் வாயில் ஊட்டிவிட்டாள்.

பெட்டி திறப்பதைப் பார்க்க அன்று சாயங்காலம் அக்கம்பக்கம் கூடியது. சீனியம்மாள் முதல் ஆளாக வந்து உட்கார்ந்தாள். எல்லோருக்கும் டீ போடப் போன சண்பகவல்லி, பாதி வழியில் திரும்பி வந்து ஷோகேஸைத் திறந்தாள். டீ செட்டை இறக்கினாள். கதிரேசன், அம்மா அது உடைஞ்சிரப் போகுது என்றான். உடைஞ்சா உடையட்டும்டா என்றாள்.

கொதிக்கக் கொதிக்க டீ விழுந்ததும், சுடுது சுடுது என்று கத்திவிட்டது கோப்பை. பயப்படாதே, கொஞ்சம் பொறு என்று எதிரேயிருந்து பீச்சாங்குழல் சத்தம் கொடுத்தது. சுபாஷினி கோப்பையைத் தூக்கி ஊதி, உதட்டில் வைத்துக் குடித்தாள். சுடுது என்று கத்தியதே கோப்பைக்கு மறந்து போனது.

டீ குடித்து முடித்து எல்லோரும் எழுந்து போனார்கள். சண்பகவல்லி கோப்பைகளை வாஷ்பேசினிலேயே கழுவி, பீச்சாங்குழலுக்குப் பக்கத்தில் வரிசையாகக் கவிழ்த்து வைத்தாள். கடைசிக் கோப்பையிலிருந்து தண்ணீர் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. அதுதான் மெதுவாகக் கேட்டது:

"நாளைக்கும் உண்டா?"